அட்டவணையைக் காட்டாத ஆய்வேடுகள்

மலையாள நூல்களைத் தமிழ் எழுத்துக்கு மாற்றிச் சொல்லடைவு உருவாக்கி, அதன்மேல் ஒப்பிலக்கணம் எழுதுவது திருவனந்தபுரத்தில் இருக்கும் நமக்கு இயல்பாக வாய்த்த பணி. ஆனால், ‘எழுத்துகள் கணினி வழி மாற்றப்பட்டன’ என்ற ஒற்றை வரியோடு முறையியல் முடிந்துவிடுகிறது. எந்த எழுத்து எதுவாக மாற்றப்பட்டது என்று நெறியாளரும் கேட்பதில்லை, தேர்வாளரும் கேட்பதில்லை. இந்த வழக்கத்தை நான் எதிர்க்கிறேன்.

நம்மில் சிலர் இப்பணிக்கு ஈமாக்ஸ் லிஸ்ப்பைப் பயன்படுத்துகிறோம். அதில் எழுத்து அட்டவணை என்றொரு தரவமைப்பு உண்டு. ஓர் எழுத்தின் குறியெண்ணைக் கொடுத்தால், அதற்கு எதிரே நாம் இட்டுவைத்த மதிப்பைத் திருப்பித் தரும். 0 முதல் 41,94,303 வரை இடமிருந்தும் நினைவகம் வீணாவதில்லை. உள்ளே அது கிளைகிளையாகப் பிரிந்து, கடைக்கிளையில் 128 எழுத்துகளாகத் தங்குகிறது. ஒருங்குறியில் தமிழுக்கும் (2944–3071) மலையாளத்துக்கும் (3328–3455) ஒதுக்கிய தொகுதிகளும் 128 இடங்களே. ஒவ்வொன்றும் ஒரு கடைக்கிளைக்குள் அடங்கிவிடுகிறது. கருவி நல்ல கருவிதான்.

அட்டவணையில் இல்லாத எழுத்தைக் கேட்டால் என்ன நிகழும்? பொதுவாக ‘நில்’ என்ற வெற்று மதிப்பு வரும். சரங்களை இணைக்கும் ‘கான்கேட்’ அதை வெற்றுச் சரமாகவே கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. எழுத்து ஓசையின்றி மறைந்துவிடும். மலையாளச் சில்லெழுத்துகள் தனிக் குறியெண் பெற்றது 2008இல், ஒருங்குறி 5.1இல்தான். அவற்றை அறியாத அட்டவணையில் ‘அவன்’, ‘அவள்’ இரண்டும் ‘அவ’ ஆகிவிடும். பாலீறுகளை ஆராயப் புகுந்தவரின் எண்ணிக்கையை நினைத்துப் பாருங்கள்! பழைய கோப்புகளிலோ சில்லெழுத்து என்பது மெய், சந்திரக்கலை, கண்ணுக்குப் புலப்படாத இணைப்புக்குறி என மூன்று குறியெண்கள். அங்கே அதே சொல் ‘அவந்’ ஆகும். ஒரு சொல் மூன்று வடிவில் சொல்லடைவில் அமரும்.

இவை திருத்தக்கூடியவை. அட்டவணையால் ஒருபோதும் தீராத சிக்கலும் உண்டு. மலையாளத்தில் பல்லின நகரத்துக்கும் நுனியண்ண னகரத்துக்கும் வழக்கில் ஒரே எழுத்து. ‘நனயுக’ என்னும் சொல்லில் அது அடுத்தடுத்து வந்து இரு வேறு ஒலிகளைக் குறிக்கிறது. அட்டவணையோ ‘நநயுக’ என்றே தரும். மொழி முதலில் ந, பிற இடங்களில் ன என்று விதி செய்யலாமே என்பர். ‘வந்நு’, ‘குன்னு’ ஆகியவற்றை என் செய்வது? எழுத்தில் இரண்டும் ஒரே இரட்டை. ஒலியில் முன்னது பல்லினம், பின்னது நுனியண்ணம். தமிழின் ‘வந்து’, ‘குன்று’ அறிந்தவருக்கே வேறுபாடு விளங்கும். எங்கும் ந என்று இட்டவர், மலையாள ஒலியியல் பற்றித் தாம் அறியாமலேயே ஒரு முடிவைச் சொல்லிவிட்டார்.

‘இதெல்லாம் நிரலாளர் வேலை’ என்கிறார்கள். சுவடிப் பதிப்பாசிரியர் பாடவேறுபாடுகளை அச்சகத்தார் பொறுப்பில் விட்டால் ஏற்போமா? குனு ஈமாக்ஸை உருவாக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001இல் இந்நகருக்கே வந்துதான் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். மூலநிரலைத் திறந்துவைத்த அந்தக் கருவியைக் கொண்டு நாம் மூடிய அட்டவணைகளைச் செய்துகொண்டிருக்கிறோம்.

மாற்று அட்டவணை முழுமையாக ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இடம்பெற வேண்டும். அதில் இல்லாத எழுத்து மறையாமல், மலையாள வடிவிலேயே வெளியீட்டில் நிற்கும்படி நிரல் அமைய வேண்டும். அதற்கு ஒரு வரி போதும். தேர்வாளர்களே, அடுத்த வாய்மொழித் தேர்வில் ‘அவன்’, ‘அவள்’, ‘வந்நு’, ‘குன்னு’ என்னும் நான்கு சொற்களை மாணவரின் நிரலில் இட்டுக் காட்டச் சொல்லுங்கள்.