ஈரக் கொழுந்து எடை கூடத்தான் காட்டும்



வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பந்தியில உட்கார்ந்தா இப்போ டெக்னாலஜி பங்கு பேச்சுதான். "விலையும் ஏறுது, வால்யூமும் ஏறுது, வாங்கிப் போடுங்க" என்று போனைக் காட்டுகிறார்கள். இபிஎஃப் மூன்றாம் கணக்கிலிருந்து எடுத்துப் போட்டவர்களும் நம்மில் உண்டு. அதனால்தான் எழுதுகிறோம்.

வால்யூம் என்பது கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை. ஒருத்தர் வாங்கினா இன்னொருத்தர் விற்றிருக்கிறார். எத்தனை என்று அது சொல்லும். யார், ஏன் என்று சொல்லாது. சின்னக் கம்பெனிப் பங்கை நாலு பேர் தங்களுக்குள்ளேயே மாற்றிக்கிட்டாலும் வால்யூம் ஏறும்.

மழையில் பறித்த கொழுந்து தராசில் கூடத்தான் காட்டும். வாட்டின பிறகுதான் எவ்வளவு தண்ணீர் என்று தெரியும். பேக்டரியில் தினமும் பார்க்கிற நாமே ஏமாறலாமா?

ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் ஞாபகம் இருக்கா? 2008 டிசம்பர் 16, தலைவர் குடும்பத்தின் மேடாஸ் கம்பெனிகளை வாங்கப் போவதாக அறிவிப்பு. மறுநாளே பங்கு சுமார் 30 சதவீதம் விழுந்தது. அன்றைக்கு ஆயிரக்கணக்கானவர் விற்றார்கள் என்றால், "மலிவு" என்று வாங்கினவர்களும் இருந்தார்கள். 2009 ஜனவரி 7, கணக்கே பொய் என்று ராமலிங்க ராஜு கடிதம் எழுதினார். ஒரே நாளில் முக்கால் பங்குக்கு மேல் மதிப்பு போச்சு. பொய் இருந்தது கணக்கில், சார்ட்டில் இல்லை.

டிப்ஸ் கொடுக்கும் அண்ணன்மாரே, மலேசியாவில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் செய்ய செக்யூரிட்டிஸ் கமிஷன் உரிமம் வேணும். உங்களுடையது எங்கே? காட்டிட்டுப் பேசுங்க. கோயில் பந்தியில் சோறு மட்டும் போடுவோம்.

முருகன் துணை.