வள்ளத்தின் உறுதி

மாடு வாங்கச் செல்பவன் அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், சுழி பார்க்கிறான், நடத்திப் பார்க்கிறான். காணி வாங்கச் செல்பவன் நொத்தாரிசிடம் சென்று உறுதியைப் புரட்டுவிக்கிறான். ஆனால், தன்னையும் தன் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு கடல்மேற் செல்லவேண்டிய சிறு மரவள்ளத்தை வாங்குபவன் என்ன பார்க்கிறான்? பெரும்பாலும் வர்ணத்தைப் பார்க்கிறான், விலையைக் கேட்கிறான், பக்கப் பலகையில் எழுதியுள்ள பதிவு எண்ணைக் கண்டு மனநிறைவு அடைகிறான். இம்மனநிறைவு எவ்வளவு தூரம் நியாயமானது என்பதே இங்கு நான் ஆராய விரும்பும் வினா.

ஊர்காவற்றுறையாருக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. யானைகளைக் கப்பலேற்றி அனுப்பிய பழந்துறை இது. துறைக்கு எதிரே, நீர் நடுவே, 1658-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய கடற்கோட்டை இன்றும் நிற்கிறது. பண்ணைத் தாம்போதி எம் தீவை யாழ்ப்பாணத்தோடு இணைத்தது. மற்றொரு தாம்போதி புங்குடுதீவை எம்மோடு இணைத்தது. ஆயினும் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகவேண்டியவன் குறிகாட்டுவானிற் படகேறத்தான் வேண்டும். அனலைதீவாரும் எழுவைதீவாரும் கடல்வழியையே நம்பி வாழ்கின்றனர். மீன்பிடித்து வாழும் குடும்பத்துக்கோ வள்ளமே வயல், வள்ளமே வண்டி. அவர்களுக்கும் கடலுக்கும் இடையே இருப்பது இரண்டு விரல் தடிப்புள்ள பலகை ஒன்றே.

இவ்வினா இன்று கூர்மை பெற்றமைக்குக் காரணம் உண்டு. எழுபதுகளிலிருந்து கண்ணாடி நார்ப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் எம் கரைகளிற் பரவி, மரவள்ளத்தை மெல்ல மெல்ல ஒதுக்கின. அவ்வியந்திரங்கள் மண்ணெண்ணெயை நம்பி ஓடுபவை. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. ஒரே நாளில் ஏறக்குறைய நான்கு மடங்கு! இத்தகைய அடியைத் தாங்கிய சிறு தொழிலாளி, புதிய நார்ப்படகுக்குப் பணமின்றி, யாரோ ஒருவர் தம் வளவிற் செய்த பழைய மரவள்ளத்தை மலிவாக வாங்க எண்ணுவது இயல்பே. எண்ணுவதிற் பிழையில்லை. பார்க்கத் தெரியாமல் வாங்குவதே ஆபத்து.

பார்க்கத் தெரிந்தவர்கள் ஒருகாலத்தில் ஒவ்வொரு துறையிலும் இருந்தார்கள். வள்ளத்தைச் செய்தவன் அயலவன். எந்த வளவில் வெட்டிய வேம்பு, எந்தக் கையால் அறைந்த ஆணி என்பது ஊருக்கே தெரியும். கெட்ட வள்ளம் செய்தவன் மறுநாள் அதே ஒழுங்கையில் நடக்கவேண்டும். அந்தக் கூச்சமே பெரிய சட்டமாக இருந்தது. 1990-ஆம், 1991-ஆம் ஆண்டுகளில் தீவுகள் போரினால் வெறிச்சோடின. தொழிலறிந்தோர் வன்னிக்கும் தமிழகத்துக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சிதறினர். மக்களுள் ஒரு பகுதியினர் திரும்பினர். ஆனால் தந்தையிடமிருந்து மகனுக்குக் கைவழி வந்த அறிவு முழுவதும் திரும்பவில்லை. இன்று வள்ளத்தைச் செய்தவன் யார் என்பதே வாங்குபவனுக்குத் தெரியாமற் போகலாம். ஊரின் கண் மறைந்த இடத்தில் ஒவ்வொருவனும் தன் கண்ணைத் திறந்துகொள்ள வேண்டியுள்ளது.

பௌதிகம் கற்பித்த ஆசிரியன் என்ற முறையில், பழைய தொழிலாளர் சிலரிடம் கேட்டறிந்தவற்றையும் பாடநூல் கூறுவதையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டும் வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போகின்றன.

முதலாவது, வள்ளத்தைக் கரையிலே பார்க்கவேண்டும். பின்தலைக்குப் பின்னால் நின்று ஏராவின் வழியே கண்ணை ஓட்டினால், அது நேராக உள்ளதா, முதுகு வளைந்துள்ளதா என்பது தெரியும். அணியத்தின் நடுவிலிருந்து இருபக்கப் பலகைகளின் ஒத்த இடங்களுக்கு ஒரே கயிற்றைப் பிடித்து அளந்தால், இரு பக்கமும் சமமா என்பது விளங்கும். ஒரு பக்கம் சரிந்த வள்ளம் எவ்வளவு தண்டு வலித்தாலும் ஒரு பக்கமே இழுக்கும்.

அடுத்தது மரம். புது வர்ணம் பூசிய வள்ளத்தைக் கண்டால் மகிழாதீர்கள், ஐயுறுங்கள். வர்ணத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைக் கூரிய ஊசியொன்றே சொல்லும். உப்புநீர் மரத்தை ஓரளவு காக்கும். மழைநீரே அதனை உளுக்கச் செய்யும். ஆகையால் மழைநீர் தேங்குமிடங்களை, அதாவது வங்குக்கால்களின் அடியையும் அணியத்தின் உள்மூலையையும் பின்பலகையின் கீழ்விளிம்பையும், முதலிற் குத்திப் பார்க்கவேண்டும். ஊசி தயங்கி நின்றால் மரம் உண்டு. வெண்ணெயிற் போல இறங்கினால் வர்ணம் மட்டுமே உண்டு. நீருக்கு அடியில் இருக்கும் பலகையிற் குண்டூசித் தலையளவு துளைகள் தெரிந்தால் மேலும் எச்சரிக்கை தேவை. மரந்துளைக்கும் கடற்புழு சிறு வாயிலால் நுழைந்து உள்ளே பெருவீதி அமைக்கும் இயல்பினது. வெளியே ஒரு புள்ளி. உள்ளே ஒரு சுரங்கம்.

அண்மைக் காலத்தில் வேறொரு வழக்கமும் வந்திருக்கிறது. பழைய மரத்தின்மேல் நார்ச்சீலையை ஒட்டிப் பசை பூசி, புதிய கலம்போல் ஆக்கிவிடுகின்றனர். நல்ல மரத்தின்மேல், நன்கு உலர்த்திச் செய்தால் அது ஆயுளைக் கூட்டலாம். உளுத்த மரத்தின்மேல் செய்தாலோ, அது புண்ணின்மேற் போட்ட பட்டு. அத்தகைய கலத்தை விரலாற் தட்டிக்கொண்டே சுற்றிவர வேண்டும். கலகலவென்ற ஓசை மந்தமாக மாறும் இடத்தில் சீலையும் மரமும் பிரிந்திருக்கின்றன என்று கொள்ளலாம்.

மூன்றாவது ஆணி. ஆணித் தலைகளைச் சுற்றிக் கருஞ்சிவப்புக் கறை வழிந்திருந்தால், உள்ளே இரும்பு தேய்கிறது என்பது பொருள். பாய்க்கும் தண்டுக்கும் என்று செய்த வள்ளத்தில் இயந்திரம் பூட்டியிருந்தால் இச்சோதனை இரட்டிப்பாகத் தேவை. பாய் வள்ளத்தை முழு உடலாலும் இழுக்கிறது. இயந்திரமோ பின்பலகை ஒன்றையே பிடித்து நாள் முழுவதும் உலுக்குகிறது. அந்த உலுக்கலுக்கு முதலிற் பணிவது ஆணியே. பின்பலகையைக் கையாற் பிடித்து ஆட்டும்போது மூலையில் மயிரிழை அளவு திறந்து மூடினாலும் அந்த வள்ளத்தை விட்டுவிட்டு வரலாம்.

நான்காவது நீர்ச்சோதனை. நெடுநாள் கரையிற் கிடந்த மரவள்ளம் நீரில் இறக்கிய அன்று ஒழுகத்தான் செய்யும். காய்ந்து சுருங்கிய பலகைகள் நீரை உண்டு பருத்துத் தாமே சந்துகளை மூடிக்கொள்ளும். ஆதலால் ஓரிரவைக் கொண்டு தீர்ப்புச் சொல்லுதல் கூடாது. முதல் இரவு ஊறிய நீரின் மட்டத்தைக் கரிக்கோட்டாற் குறித்துவிட்டு இறைத்துவிடுங்கள். இரண்டாம் மூன்றாம் இரவுகளிலும் அவ்வாறே செய்யுங்கள். நாளுக்கு நாள் கோடு தாழ்ந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. தாழாது நின்றால் கலப்பற்று போய்விட்டது, அதனைத் திருத்தலாம். நிற்கும்போது ஒழுகாத வள்ளம் ஆட்களை ஏற்றி வலிக்கும்போது ஒழுகினால், பலகைக்கும் வங்குக்கும் உள்ள பிடிப்பே தளர்ந்திருக்கிறது. அதனைத் திருத்துவது புதிது செய்வதற்குச் சமம்.

இறுதியானதும் தலையாயதுமான சோதனை, வள்ளம் எவ்வளவு தாங்கும் என்பது. இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். நீர்மட்டத்தில் ஒரு வள்ளம் பிடிக்கும் பரப்பு 4 சதுர மீற்றர் என்று கொள்க. அது ஒரு சென்ரிமீற்றர் தாழ்ந்தால் விலக்கும் கடல்நீரின் எடை ஏறக்குறைய 41 கிலோகிராம். 60 கிலோகிராம் எடையுள்ள பத்துப்பேர் ஏறினால் வள்ளம் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் தாழும். நீருக்குமேல் முன்பு 35 சென்ரிமீற்றர் தெரிந்த பக்கப் பலகை இப்போது 20 சென்ரிமீற்றரே தெரியும். அமைதியான காலையில் அது போதும்போலத் தோன்றும். சோளகம் எழுந்தபின் போதுமா? பாக்கு நீரிணையின் இப்பகுதி ஆழங்குறைந்தது. ஆழங்குறைந்த கடல் அபாயங்குறைந்தது என வெளியூரார் நினைப்பதுண்டு. உண்மை வேறு. ஆழமில்லாக் கடலில் காற்று எழுப்பும் அலை குறுகியது, செங்குத்தானது, ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து வருவது. ஓர் அலையின் நீரை இறைத்து முடிக்குமுன் அடுத்த அலை உள்ளே வந்துவிடும். உள்ளே வந்த நீரோ ஓரிடத்தில் நில்லாது, வள்ளம் சரியும் பக்கமே ஓடி, அச்சரிவை மேலும் வளர்க்கும். ஆகவே வள்ளத்தை ஆழமில்லாத நீரில் நிறுத்தி, ஏற்றவிருக்கும் அளவு ஆட்களை ஏற்றி, அவர்களை ஒரு பக்கமாக மெல்ல நகரச் சொல்லிப் பாருங்கள். உடனே நிமிர்வது நல்லது. தயங்கித் தயங்கி நிமிர்வது தீயது. விளிம்பு நீரைத் தொடுவது விலை பேசக்கூடாதது.

இதே சோதனையை அரசர்களும் செய்ததுண்டு. சுவீடன் நாட்டின் பெரும் போர்க்கப்பலாகிய 'வாசா' 1628-ஆம் ஆண்டு ஸ்ரொக்கோம் துறைமுகத்தில் நின்றபோது, முப்பது பேரை அதன் மேற்றளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடவிட்டனர். கப்பல் கவிழ்ந்துவிடும் என்று அஞ்சி மூன்று ஓட்டத்துடன் சோதனையை நிறுத்தினர். ஆனால் பயணத்தை நிறுத்தவில்லை. ஆகஸ்டு 10-ஆம் நாள் புறப்பட்ட அக்கப்பல், துறைமுகத்தைத் தாண்டுமுன்னரே இளங்காற்றிற் சரிந்து மூழ்கியது. கலங்கள் மூழ்குவது சோதனை செய்யாமையால் மட்டும் அன்று. சோதனை சொன்ன விடையைச் செவிமடுக்க மனமில்லாமையாலுமே.

இவ்விடத்தில் எம்மவர் சிலர் வேறொரு கதையை எடுத்துக் கூறுவர். வல்வெட்டித்துறையில் எம் கைவினைஞர் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை, சிறு பாய்க்கலமொன்றில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்க மாலுமி வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரால் அதற்குப் 'புளோறன்ஸ் சி. றொபின்சன்' என மறுபெயரும் இட்டார். வல்வை மாலுமிகளும் செலுத்திய அக்கப்பல் அத்திலாந்திக்கைக் கடந்து, 1938-ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறையை அடைந்தது. பெருமைக்குரிய வரலாறே, ஐயமில்லை. ஆனால் "அமெரிக்கா சென்ற மரபன்றோ நம்முடையது, நம் வள்ளம் நயினாதீவுக்குப் போகாதா?" என்று கேட்பது வரலாற்றைத் தலைகீழாகப் படிப்பதாகும். அந்த அமெரிக்கர் வாங்கியது மரபை அன்று; ஒரு குறிப்பிட்ட கப்பலை. கடலை அறிந்த கண்ணும், கண்ணுக்குத் தோற்காத கைவினையும் அங்கே சந்தித்தன. இரண்டில் ஒன்று இல்லாத இடத்தில் மரபுப் பெருமை மிதவைக் கட்டையாக உதவாது.

இனி, பதிவு எண்ணின் பொருள் யாது என்பதைப் பார்ப்போம். 1996-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளச் சட்டம் மீன்பிடிக் கலங்களின் பதிவுக்கு வழிசெய்கிறது. பதிவு வேண்டியதே. களவைத் தடுக்கவும் காணாமற்போன கலத்தைத் தேடவும் அது உதவும். எனினும் பக்கப் பலகையில் எழுதிய எண், இக்கலம் இன்னாருடையது என்று கூறுமேயன்றி, இன்று காலை இதன் ஆணிகள் எந்நிலையில் உள்ளன என்று கூறாது. உறுதி என்னும் சொல்லுக்கு எம் ஊரில் இரு பொருள் உண்டு: ஒன்று காணிப் பத்திரம், மற்றது திண்மை. காணிக்கு முதலாவது உறுதி போதும். வள்ளத்துக்கு இரண்டாவது உறுதி இல்லையெனில் முதலாவது காகிதமே.

2021-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் நிகழ்ந்தது எல்லோர் நெஞ்சிலும் இருக்கும். பாலம் புதிதாகக் கட்டப்பட்டு வந்தமையால் மக்கள் தனியார் பாதையொன்றை நம்பினர். அது கவிழ்ந்தது. பள்ளிச் சிறார் உட்பட ஆறு பேர் அன்றே மாண்டனர். அனுமதி கொடுத்தவர் யார், கொடுக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்ற வினாக்கள் சவங்களைக் கரைசேர்த்த பின்னரே உரத்து எழுந்தன. அதற்கு முந்திய நாட்களில் எத்தனையோ பெரியவர்கள் அப்பாதையிற் கால் வைத்திருப்பர்; அது ஆடியதை உணர்ந்திருப்பர். பாடசாலை மணி காத்திராது, சந்தை காத்திராது, வேறு வழியும் இல்லை. ஏழையின் பயணத்தில் அச்சம் ஒரு வாதமாக ஏற்கப்படுவதில்லை.

இங்கிலாந்திலும் இதே நிலை இருந்தது. மிகைச் சுமையேற்றிய பழங்கப்பல்களில் மாலுமிகள் மாள்வதைப் பொறாத சாமுவேல் பிளிம்சோல் என்பவர் பாராளுமன்றத்திற் போராடினார். அதன் பயனாக 1876-ஆம் ஆண்டுச் சட்டம், கப்பலின் பக்கத்தில் சுமைக்கோடு வரையவேண்டும் என விதித்தது. முதலில் அக்கோட்டை எங்கே வரைவது என்பதை உரிமையாளரே தீர்மானித்தனர்! 1890-ஆம் ஆண்டிலேயே அதன் இடத்தையும் சட்டம் நிர்ணயித்தது. கோடு ஒன்றுதான், ஆனால் அதைப் படிக்க எழுத்தறிவு வேண்டியதில்லை. கரையில் நிற்கும் சிறுமியும் "கோடு மறைந்துவிட்டது, நான் ஏறமாட்டேன்" என்று சொல்லலாம். அறிவைப் பொதுவாக்கிய சட்டம் அது.

அத்தகைய கோட்டைத்தான் எம் தீவுகளுக்கும் நான் கேட்கிறேன். ஆட்களை ஏற்றும் கலம் எவ்வளவு சிறிதாயினும் அதன் இரு பக்கமும் தடித்த வெண்கோடு வரையப்படல் வேண்டும். மரவள்ளம் கைமாறும்போது, தொழிலறிந்த ஒருவரும் கடற்றொழில் அலுவலர் ஒருவரும் அதனைக் குத்திப் பார்த்து, நீரில் மூன்று இரவு வைத்துப் பார்த்து, கையொப்பமிடும் ஏற்பாடு ஒவ்வொரு இறங்குதுறைக்கும் தேவை. கடற்றொழிலாளர் சங்கங்கள் மனம்வைத்தால் இதற்குப் பெரும்பணம் தேவையில்லை.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. மிதத்தல் விதியை நாம் கரும்பலகையில் எழுதுகிறோம். மாணவர் மனனஞ் செய்கின்றனர். பாடசாலை மதிலுக்கு அப்பால் கரையிற் கிடக்கும் வள்ளத்தில் அதே விதி வாழ்கிறது. ஒரு மாலைப்பொழுது அவர்களை அங்கே அழைத்துச் செல்லுங்கள். கயிறும் அளவுகோலும் கையில் எடுக்கட்டும், பரப்பைக் கணிக்கட்டும், எத்தனை பேர் ஏறலாம் என்பதைத் தாமே கண்டு சொல்லட்டும். அருகில் ஒரு பழைய தொழிலாளி இருந்தால் அவரையும் பேசவிடுங்கள். அப்பிள்ளைகளுட் சிலர் நாளை வள்ளம் வாங்குவர். பலர் நாளைக்கே ஒரு படகில் ஏறுவர். ஏறுமுன் விளிம்பைப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு வந்துவிடுமானால், அந்த ஒரு மாலையின் பயன் பரீட்சைப் புள்ளியிலும் பெரிது.