பையன்களே, கியோம், சாப்பிட வாருங்கள்!

பெற்ற தாய் தன் மக்களை உண்ண அழைக்கும் குரலில் அன்பைத் தவிர வேறொன்றும் இருக்க இயலுமா என்று கேட்டால், இயலாது என்றே நாம் அனைவரும் விடை சொல்வோம். ஆயினும் அத்தகைய ஓர் அழைப்பிலேயே ஒரு பிள்ளையின் இளமைக் காலம் முழுவதும் சிக்குண்டு கிடந்த கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் பிரெஞ்சுப் படம் ஒன்று உண்டு. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படத்தின் பெயரே அந்த அழைப்புத்தான்: ‘பையன்களே, கியோம், சாப்பிட வாருங்கள்!’ இம்மாதம் அதனைப் பற்றி நம் வாசகர்களோடு சிறிது அளவளாவ விரும்புகிறோம்.

அந்த அழைப்பைச் சற்றே கூர்ந்து நோக்கவேண்டும். வீட்டில் ஆண் மக்கள் மூவர். இருவரைத் தாய் ‘பையன்கள்’ என்கிறாள். மூன்றாமவனைப் பெயர் சொல்லித் தனியே அழைக்கிறாள். அப்படியானால் கியோம் பையன் அல்லனா? சிறுவன் இதனை நான்கைந்து வயதிலேயே செவிமடுக்கிறான். தாய்க்கு ஒரு பெண் குழந்தை வேண்டியிருந்தது போலும், அந்தக் குழந்தை நான்தான் போலும் என்று தானே முடிவு கட்டிக்கொள்கிறான்.

இது வெறும் கற்பனையன்று. படத்தை எழுதி இயக்கி நடித்த கியோம் கலியென் தம் சொந்த வரலாற்றையே கதையாக்கியிருக்கிறார். 1680இல் தோன்றிய ‘கொமெதி பிரான்சேஸ்’ என்னும் புகழ்மிக்க நாடக மன்றத்தைச் சேர்ந்த நடிகர் அவர். முதலில் 2008இல் ஒருவர் மட்டுமே நடிக்கும் மேடை நாடகமாக இதனை அரங்கேற்றினார்; பிறகே அது திரைக்கு வந்தது. படத்தில் மகனாக நடிப்பவரும் அவரே. தாயாக நடிப்பவரும் அவரே! ஒப்பனையின் உதவியால் ஒரே முகம் எதிரெதிரே அமர்ந்து உரையாடுகிறது. இதனை வேடிக்கைக்காகச் செய்த வித்தை என்று தள்ளிவிட முடியாது. தாயின் குரல், நடை, கையசைவு அனைத்தையும் பிள்ளை அப்படியே பயின்றுவிட்டான்; எங்கே தாய் முடிகிறாள், எங்கே தான் தொடங்குகிறோம் என்பதையே அவன் அறியான் என்பதை இதைவிட எளிதாகக் காட்டிவிட முடியுமா?

கதையின் நகைச்சுவை இந்தக் குழப்பத்திலிருந்தே ஊற்றெடுக்கிறது. போர்வையையும் கம்பளிச் சட்டையையும் உடுத்திக்கொண்டு பேரரசி சிஸ்ஸியாக வேடமிட்டு மகிழ்ந்திருக்கும்போது தந்தை அறைக்குள் நுழைந்துவிடுகிறார். ஸ்பெயின் நாட்டுக்கு மொழி பயிலச் சென்ற இடத்தில் நடனம் கற்கிறான். பெண்கள் ஆடும் முறையிலேயே ஆடுகிறாய் என்று பிறர் சொல்ல, அவனுக்கோ பெருமை பிடிபடவில்லை! ஆண் பிள்ளைகள் தங்கிப் பயிலும் பள்ளியில் ஏளனமே கிடைக்கிறது. பின்னர் இங்கிலாந்துப் பள்ளியில் ஒரு மாணவன்மீது உள்ளத்தைப் பறிகொடுத்து, அவனுக்கு வேறொரு பெண்மீது காதல் என்றறிந்து உடைந்துபோகிறான்.

அப்போது தாய் ஆறுதல் சொல்ல வருகிறாள். உன்னைப்போல் உள்ளவர்கள் எத்தனையோ பேர் மகிழ்ச்சியாக வாழ்கிறார்கள் என்னும் பொருள்படப் பேசுகிறாள். மகன் திகைத்துப்போகிறான். தன்னை மகளாகவே தாய் கருதிவந்தாள் என்றல்லவா அவன் எண்ணியிருந்தான்? ஆண்களை விரும்பும் ஆண் மகன் என்று அவள் தன்னை என்றோ முடிவு செய்துவிட்டாள் என்பது அன்றுதான் அவனுக்கு விளங்குகிறது.

இப்படத்தின் உயிர்நிலை இதுதான் என்பது நம் கருத்து. பிள்ளையின் இயல்பை ஏற்க மறுத்துக் கண்ணீர் விடும் தாய்மாரை நாம் பல கதைகளில் கண்டிருக்கிறோம். இந்தத் தாயோ மறுக்கவில்லை, வெறுக்கவில்லை, கேட்பதற்கு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டாள்! குறை எங்கே என்றால், கேட்கவே இல்லை என்பதில்தான் இருக்கிறது. அவளுடைய தீர்ப்பு கருணை நிறைந்த தீர்ப்புதான். ஆனாலும் அது தீர்ப்பே. பிள்ளை தன்னைத் தானே கண்டறிய வேண்டிய இடத்தில், அன்பு முந்திக்கொண்டு பெயர்ப்பலகை மாட்டிவிட்டது.

பெரியவனான பின் ஒருநாள் தோழி ஒருத்தியின் வீட்டு விருந்தில், ‘பெண்களே, கியோம், சாப்பிட வாருங்கள்!’ என்ற குரல் கேட்கிறது. பெண்களிடமிருந்து தன்னை வேறாகப் பிரித்த அந்த அழைப்பு, அவன் காதுகளுக்குத் தேனாக இனிக்கிறது. அங்கேதான் அவன் விரும்பும் பெண்ணையும் காண்கிறான். மணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று அவன் சொல்லும்போது தாய் அதனை எளிதில் நம்பினாளில்லை. தன்னையன்றி வேறொரு பெண்ணை மகன் நேசித்துவிடுவானோ என்ற அச்சமே அவளுடைய உறுதியின் அடியில் மறைந்து கிடந்ததோ என்று படம் மெல்லச் சுட்டிக்காட்டுகிறது. அந்த இடத்தில் சிரிப்பு தானாகவே அடங்கிவிடுகிறது.

பிரெஞ்சு மக்கள் இப்படத்தைப் பெரிதும் வரவேற்றனர். 2014ஆம் ஆண்டு செசார் விருதுகளில் சிறந்த படம், சிறந்த முதற்படம், சிறந்த நடிகர் உட்பட ஐந்து பரிசுகளை அது வென்றது. அதே வேளையில் ஒரு முணுமுணுப்பும் எழுந்தது. ஒரு பாலினத்தவர் தம்முள் மணம் புரிந்துகொள்ள வகை செய்யும் சட்டம் 2013 மே மாதம் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதனை எதிர்த்துப் பெருங்கூட்டங்கள் தெருவில் இறங்கின. அவ்வாண்டு நவம்பரில் வந்த படம், எல்லாரும் அப்படித்தான் என்று நினைத்த பிள்ளை இறுதியில் பெண்ணையே மணந்தான் என்று முடிவது, பழைய ஒழுங்குக்கே வெற்றி தேடித் தருவதாகாதா என்று சிலர் கேட்டனர்.

கேள்வி நியாயமானதே. பெண்ணை விரும்புகிறேன் என்று சொல்லும் மகனை உலகம் மலர்மாலையோடு வரவேற்கிறது. ஆணை விரும்புகிறேன் என்பவனுக்கும், பெண்ணை விரும்புகிறேன் என்னும் மகளுக்கும் அந்த வரவேற்பு கிட்டுவதில்லை. ஆனால் படம் சொல்லும் உண்மை இரு சாராருக்கும் பொதுவானது. மகன் கியோமைப்போல் இருந்தாலும், அவனுக்கு நேர்மாறாக இருந்தாலும், தன் உள்ளத்தைச் சொல்லவேண்டியவன் அவன்தான், தாயல்லள்.

நம் நாட்டிலும் இது தொலைதூரத்துச் செய்தியன்று. வயது வந்தோர் இருவர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் நாள் தீர்ப்பளித்தது. 2021இல், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு இளம்பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கோரினர். அவ்வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவ்விஷயத்தைத் தாம் சரிவர அறியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளநல ஆலோசகர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்தார். அதன்பின்னரே ஆணை பிறப்பித்தார். இத்தகையோரை மருத்துவத்தால் ‘மாற்ற’ முயல்வதையும் அந்த ஆணை தடை செய்தது. தீர்ப்பு வழங்குவதையே தொழிலாகக் கொண்டவர் முதலில் மாணவராக அமர்ந்தார் என்றால், பெற்றோராகிய நாம் அமர்வதில் இழுக்கு என்ன?

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களில் இந்த அமர்தல் இன்னும் இன்றியமையாதது. பாட்டியோ, அத்தையோ, சித்தப்பாவோ பக்கத்தில் இல்லாத வீட்டில் பிள்ளை மனந்திறந்து பேசுவதற்குப் பெற்றோரே மிஞ்சுகின்றனர். அந்த ஒரு கதவையும் நம் முடிவுகளால் அடைத்துவிட்டால், பதின்வயதுப் பிள்ளை எங்கே போவான்?

குழந்தைகளோடு கூடியிருந்து பார்க்கத்தக்க படமன்று இது. வளர்ந்தவர்களுக்கென்றே அமைந்த காட்சிகள் சில உண்டு. பெற்றோர் இருவரும் முதலில் தாம் பார்ப்பது நன்று. வயிறு குலுங்கச் சிரிக்கலாம். சிரித்து முடித்தபின், அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிள்ளைகளை அழைக்கும்போது, அழைத்துவிட்டு அவர்கள் பேசுவதற்கும் சற்றே இடம் விடுவோமாக.