நல்ல பாம்பு கடித்தால் சதை கறுப்பது ஏன்?

மழைக்காலம் வந்தால் பள்ளிக்கரணைவாசிகளுக்குக் கூடுதலாக ஒரு கவலை. சதுப்பு நிலத்தில் தண்ணீர் ஏறினால் பாம்புகள் மேடு தேடி வரும். மேட்டில் இருப்பவை வீடுகள்தான். 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்த இந்தச் சதுப்பு, அடுக்குமாடிகள் வருவதற்கு முன்பே அவற்றின் இடம் என்பதையும் சொல்ல வேண்டும்.

நல்ல பாம்பு கடித்தால் இமை சொருகும், மூச்சு திணறும். அது நரம்பைத் தாக்கும் நஞ்சின் வேலை. கடித்த இடம் கறுத்து, சதை அழுகுவதற்கு முக்கியக் காரணம் சைட்டோடாக்ஸின் என்ற இன்னொரு புரதம். சுமார் 60 அமினோ அமிலங்கள் கொண்ட பொடியன். ஆனால், பாஸிட்டிவ் சார்ஜ் மிகுந்தது.

செல்லின் மேல்சவ்வைக் கிழிப்பதோடு இது நிற்பதில்லை. அடுத்த குறி, செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா. அதன் உள்சவ்வில் கார்டியோலிப்பின் என்ற கொழுப்பு உண்டு. மாட்டின் இதயத்திலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால் இந்தப் பெயர். இதற்கு நெகட்டிவ் சார்ஜ். எதிரெதிர் சார்ஜ்கள் ஈர்க்குமே! நஞ்சுப் புரதம் வந்து ஒட்டியதும் சவ்வின் அடுக்கு குலைகிறது, தண்ணீர் உள்ளே புகுகிறது. ஊறிய கொண்டைக்கடலை போல மைட்டோகாண்ட்ரியா உப்பி, வெளித்தோல் கிழிகிறது. மத்திய ஆசிய நாகத்தின் சைட்டோடாக்ஸினை வைத்து ஆய்வகத்தில் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

பாஸிட்டிவ் சார்ஜ் உள்ள புரதம் என்றாலே வில்லன் இல்லை. மனித உடம்பிலேயே சைட்டோக்ரோம்-சி இருக்கிறது. அதுவும் இதே கார்டியோலிப்பினில் ஒட்டிக்கொண்டுதான் சக்தி தயாரிப்பில் பங்கெடுக்கிறது. ஆனால் மைட்டோகாண்ட்ரியா கிழிந்து அது வெளியே கசிந்தால், செல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளத் தொடங்கும்.

(கடிபட்ட காலில் கண்ணுக்குத் தெரியும் வீக்கம் வேறு. அது ரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரால் வருவது.)

இதற்கு மருந்தின் தொடக்கம் பள்ளிக்கரணைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம், பாம்புகளிடம் நஞ்சு எடுத்துவிட்டு அவற்றைத் திரும்பக் காட்டில் விடுகிறது. அந்த நஞ்சைக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் ரத்தத்திலிருந்து எதிர்மருந்து தயாரிக்கிறார்கள். அது ரத்தத்தில் சுற்றும் நஞ்சைப் பிடித்துக் கட்டும். செத்துப்போன சதையை மீட்க அதனால் முடியாது.

அதனால்தான் டாக்டர்கள் கயிறு கட்டாதீர்கள் என்கிறார்கள். இறுக்கிக் கட்டினால் நஞ்சு ஒரே இடத்தில் தேங்கிச் சதையை இன்னும் அரிக்கும். கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிந்த காலைப் போல அசையாமல் வைத்து, உடனே 108-ஐ அழையுங்கள். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை.