பழைய சீட்டும் கால் மாத்திரையும்



இந்த இதழில் நார்த்தங்காய் ஊறுகாய் பக்குவம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மன்னிக்க வேண்டும். சென்ற பதினைந்து நாளும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஓடியதில் ஊறுகாய் போடவும் இல்லை, எழுதவும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். தப்புச் செய்தவள் நானேதான்.

என் மாமியாருக்கு 72 வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முழங்கால் வீங்கி, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் தவித்தார். டாக்டரிடம் அழைத்துப் போனோம். டைக்ளோஃபெனாக் 50 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பின், 5 நாளைக்கு என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாளே அத்தை கோலம் போட உட்கார்ந்து விட்டார். அந்தச் சீட்டை நாலாக மடித்து, பஞ்சாங்கத்துக்குள் வைத்துப் பத்திரப்படுத்தினார்.

அதற்குப் பிறகு ஆடிவெள்ளி வந்தாலும், விருந்தாளி வந்தாலும், "ஏம்மா, கடைப் பக்கம் போனா அந்தக் கால் மாத்திரை ஒரு அட்டை வாங்கிட்டு வந்துடு. ஓடியாடி வேலை பார்க்கணும்ல?" என்பார். நானும் காய்கறிப் பையோடு வாங்கி வந்து விடுவேன். முதல் இரண்டு தடவை சீட்டைக் காட்டினேன். அப்புறம் கடைக்காரத் தம்பி கேட்கவில்லை. என் முகமே சீட்டாகி விட்டது. ஐந்து நாள் மாத்திரை, விசேஷ நாள் மாத்திரையாகி, பிறகு தினப்படி மாத்திரையாகி விட்டது.

நடுவில் அத்தைக்கு இரத்த அழுத்தம் கூடியது. வேறொரு டாக்டரிடம் காட்டினோம். அழுத்தத்துக்கும், நீர் பிரிவதற்கும், இதயத்துக்காகத் தினம் ஒரு சிறிய ஆஸ்பிரினும் எழுதினார். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்கவும் கேட்டார். "ஒண்ணுமில்லீங்க" என்றார் அத்தை. நானும் பக்கத்தில்தான் நின்றேன். பொய் சொல்லவில்லை; அது மருந்து என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. காப்பிப் பொடி மாதிரி வீட்டுச் சாமானாகி விட்டது.

இரண்டு மாதமாக அத்தைக்கு அசதி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். கணுக்கால் வீங்கியது. மலம் கறுப்பாகப் போவதாக ஒரு நாள் சொன்னார். "சத்து டானிக் குடிக்கிறேன்ல, அதான்" என்று அவரே சமாதானமும் சொல்லிக் கொண்டார். இரும்புச் சத்து மருந்து குடித்தால் கறுப்பாகப் போகும் என்பது உண்மைதான். அதுதான் எங்களை ஏமாற்றி விட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றப் போனவர் அப்படியே சுவரோடு சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் 6 என்றார்கள். இரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்ததில், இரைப்பையில் புண். அதிலிருந்துதான் நாளாவட்டத்தில் இரத்தம் கசிந்திருக்கிறது.

"வயிறு ஒரு நாள்கூட வலிக்கலையே டாக்டர்!" என்றேன்.

"வயசானவங்களுக்குப் பல சமயம் வலி தெரியாதும்மா. போதாததுக்கு அவங்க சாப்பிட்டதே வலி மாத்திரை" என்றார் டாக்டரம்மா.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். நம் உடம்பில் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. அடிபட்ட இடத்தில் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குவதில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் அதே இனம்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் வழவழப்பையும், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தையும் காப்பாற்றித் தருகிறது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் இந்தச் சுரப்பைத் தடுத்துத்தான் வேலை செய்கின்றன என்று 1971-ல் லண்டனில் ஜான் வேன் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். அந்த ஆராய்ச்சிக்காக 1982-ல் நோபல் பரிசும் பெற்றார். முழங்காலில் மட்டும் தடுத்து, வயிற்றை விட்டுவிடு என்று மாத்திரைக்குச் சொல்ல முடியாதே!

"சாப்பிட்ட பிறகுதானே போட்டுக்கிட்டாங்க?" என்று கேட்டேன். பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கும். சாப்பாட்டோடு எடுத்தால் வயிற்று எரிச்சல் குறையலாம். ஆனால் மருந்து இரத்தத்தில் கலந்த பிறகும் இரைப்பையின் பாதுகாப்பைக் குறைக்கிறது. ஊசியாகப் போட்டாலும் புண் வரலாம். மோர் குடித்தால் சரியாகிவிடும் என்பது நம் கற்பனை. அதோடு ஆஸ்பிரினும் சேர்ந்தால் இரத்தக் கசிவு அபாயம் கூடுகிறது. இரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும், நீர் மாத்திரையும், இதுவும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு. நீண்ட நாள் எடுத்தால் இரத்த அழுத்தம் கூடலாம். மாரடைப்பு அபாயமும் உண்டு.

அப்படியானால் இந்த மாத்திரையே கூடாதா? கூடும். சுளுக்கு, மூட்டு வீக்கம், பல் பிடுங்கிய வலி இவற்றுக்கு நல்ல மருந்துதான். எழுதியவருக்கு, எழுதிய அளவில், எழுதிய நாளுக்கு மட்டும். நான் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து குறித்துக் கொண்டவை இவை:

1. அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று அர்த்தம். பழைய சீட்டு புதிய வலிக்கு உதவாது.

2. குறைந்த அளவு, குறைந்த நாள். வலி நின்றதும் நிறுத்தலாமா என்று எழுதிக் கொடுக்கும்போதே கேட்டு விடுங்கள்.

3. அட்டையில் கம்பெனி வைத்த பெயரும் இருக்கும், மருந்தின் பெயரும் இருக்கும். மருந்தின் பெயரைப் பாருங்கள். முதுகு வலிக்கு ஒன்று, பல் வலிக்கு ஒன்று என்று இரண்டு பெயரில் ஒரே மருந்தை விழுங்குகிறவர்கள் உண்டு. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், மெஃபெனமிக் ஆசிட் எல்லாம் ஒரே இனம். ஒன்றோடு ஒன்று சேர்க்கக் கூடாது.

4. குடலில் போய்க் கரையும்படி மேலே பூச்சுள்ள மாத்திரையை உடைத்தோ பொடித்தோ சாப்பிடாதீர்கள்.

5. முன்பு வயிற்றுப் புண் இருந்தவர்கள், ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லி விட வேண்டும். வயிற்றைக் காக்க வேறு மாத்திரை தேவையா என்று அவர் தீர்மானிப்பார்.

6. கர்ப்பிணிகள் தாங்களாகத் தொடவே கூடாது. ஐந்தாம் மாதத்துக்கு மேல் குழந்தையின் சிறுநீரகத்தையும், கடைசி மூன்று மாதத்தில் அதன் இதயத்து இரத்தக் குழாயையும் பாதிக்கலாம்.

7. மாதவிலக்கு வலிக்குப் பெண்கள் சாப்பிடும் மெஃபெனமிக் ஆசிட் பற்றி, 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரிக்கை வெளியிட்டது. சாப்பிட்ட பின் தோலில் தடிப்பும் காய்ச்சலும் வந்தால் உடனே நிறுத்தி டாக்டரிடம் போக வேண்டும்.

8. மழைக்காலக் காய்ச்சலில் உடம்பு வலிக்கிறதே என்று இதைப் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவு அபாயம் கூடும்.

9. தார் போலக் கறுத்த மலம், காப்பித் தூள் போல வாந்தி, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, முகம் கால் வீக்கம், சிறுநீர் குறைவது - இவற்றில் ஒன்று கண்டாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

ஒன்று மறந்து விட்டேனே! இதைப் படித்துப் பயந்து, இதயத்துக்காக எழுதிய ஆஸ்பிரினை யாரும் தாமாக நிறுத்தி விடாதீர்கள். அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அத்தை வீட்டுக்கு வந்து நாலு நாளாகிறது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி இறக்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் பத்து, மாலையில் பத்து. தொடைச் சதை பலப்பட்டால் முழங்காலின் பாரம் குறையுமாம். சுடுதண்ணீர் ஒத்தடமும் உண்டு. வலி அதிகமானால் பாராசிட்டமால், அதுவும் அவர்கள் சொன்ன அளவில். அரிவாள்மணை பரணுக்குப் போய் விட்டது. மேஜை மேல் கத்தி வந்தாயிற்று.

நேற்று கீரை ஆய்ந்து கொண்டே, "மாத்திரை போட்டா உக்காராம வேலை பார்க்கலாம்னுதான் போட்டேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷமாக நான் மகிழ்ந்தது அவர் வலி நின்றதற்கா, வேலை நிற்காததற்கா? யோசித்துப் பார்த்தேன். பதில் எனக்கே பிடிக்கவில்லை.

பஞ்சாங்கத்தில் இருந்த சீட்டைக் கிழித்துப் போட்டேன். அதே இடத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன். அத்தை சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரும், அளவும், டானிக் உள்பட, அதில் இருக்கிறது. எந்த டாக்டரிடம் போனாலும் இனி அந்தத் தாள்தான் முதலில் மேஜைக்குப் போகும்.

இன்று இரவு பாத்திரம் ஒழித்துப் போட்ட பிறகு, உங்கள் வீட்டு மருந்து டப்பாவையும் ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள். உள்ளே என்ன இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

நார்த்தங்காய் அடுத்த இதழில் நிச்சயம். அத்தை மேற்பார்வை பார்ப்பார், நறுக்குவது நான்.