விசித்திரசித்தன் கிறுக்கனா?

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே இருக்கும் மண்டகப்பட்டுக் குடைவரையைக் காட்டி, அதை வெட்டுவித்த முதலாம் மகேந்திரவர்மனைக் கிறுக்குத்தனமான ஆடம்பரப் பிரியன் என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. கல்வெட்டில் அவன் ‘விசித்திரசித்தன்’ என்றிருக்கிறானாம், அதுவே சாட்சியாம். இன்றைய தமிழில் விசித்திரம் என்றால் கோணல், புரியாத நடத்தை என்பது சரி. அந்தப் பொருளை 7ஆம் நூற்றாண்டு வடமொழிக்குள் திணிப்பதுதான் தவறு. கடன்வந்த சொல் தமிழில் திரிவது புதிதா என்ன? ‘கேவலம்’ நமக்கு வசைச்சொல்; செஞ்சி வட்டாரத்துச் சமணர்களுக்கோ கேவல ஞானம் முற்றறிவு. அப்படித்தான் இதுவும். ‘சித்’ என்ற வேருக்குப் புலப்படுதல், உணர்தல் என்று பொருள். பளிச்சென்று கண்ணில் படுவது சித்திரம்; அது பல நிறமாய், பல விதமாய் விரிந்தால் விசித்திரம். சித்தமும் அதே வேரில் கிளைத்ததே. ஆக, ஒரே வேரை இருமுறை ஒலிக்கவைத்துக் கோத்த பட்டம் இது. பலபடக் கற்பனை ஓடும் மனத்தினன் என்பது அதன் பொருள். ஓவியரில் புலி என்னும்படி ‘சித்திரகாரப்புலி’ என்றும் பட்டம் சூடிக்கொண்டவன் அவன். தன்னைத்தானே கிறுக்கன் என்று கல்லில் வெட்டிக்கொள்ளும் அரசன் எங்கே இருக்கிறான்?

வடமொழியிலேயே அச்சொல்லுக்கு வியப்பு என்ற பொருள் உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அது ‘அடடா’ என்று வியப்பது, முகம் சுளிப்பதன்று. இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது. பலவண்ணக் கற்பனைக்காரன் கட்டியது இவ்வளவு மொட்டையாகவா இருக்கும்? முகப்பில் இரண்டு தூண்களும் இரண்டு அரைத்தூண்களும்தான். அடியும் முடியும் சதுரம், இடை எண்பட்டை, பூவேலை இல்லை. பின்சுவரில் வெறுமையான மூன்று அறைகள். சிற்பம் என்று சொல்ல இரு ஓரங்களிலும் நிற்கும் வாயிற்காவலர் மட்டுமே. இதற்கான விடையைக் கல்வெட்டின் சொல் வரிசையே வைத்திருக்கிறது. செங்கல் இல்லாதது, மரம் இல்லாதது, உலோகம் இல்லாதது, சுதை இல்லாதது என்று அந்தக் காலத்துக் கட்டடக்காரன் கைக்கொண்ட பொருள்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, அடுத்த சொல்லாகவே விசித்திரசித்தன் என்கிறது. பிரமன், ஈசன், திருமால் பெயர்கள் அதற்குப் பிறகுதான். நான்கு ‘இல்லை’களோடு ஒட்டி நிற்கும் அந்தப் பட்டத்துக்குப் பகட்டு என்று உரை சொல்ல முடியாது, வேறு வழி கண்டவன் என்றால்தான் வரி பொருந்துகிறது. ‘தமிழகத்தின் முதல் குடைவரை’ என்பதையும் இதே வரியின் தலையில் ஏற்றுகிறார்கள். எதெது இல்லாமல் கோயில் செய்தேன் என்று அவன் சொல்கிறான். யாருக்கு முன்னால் செய்தேன் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை.