ஓடாத டெஸ்டும் ஒரு மெய்யெழுத்துப் புள்ளியும்

ஃபைனல் இயர் புராஜெக்ட் சீசன் வந்துவிட்டால் பூந்தமல்லி தாண்டி, செம்பரம்பாக்கம் தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலை ஓரமாக வரிசை கட்டி நிற்கும் பொறியியல் கல்லூரிகள் அத்தனையிலும் ஒரே பல்லவிதான். "என் லேப்டாப்ல ஓடுச்சுடா, லேப்ல ஓடல!"

கறுப்புத் திரையில் எரர் கொட்டியதும் பசங்க செய்யும் முதல் வேலை அதைப் படிப்பது இல்லை. செல்போனில் போட்டோ பிடித்து வாட்ஸப் குரூப்பில் போடுவதுதான். நிரலில் தமிழ் இருந்தால், வருகிற பத்துப் பதில்களில் ஒன்றாவது இப்படி இருக்கும்: "தமிழ்ல குடுத்தா அப்படித்தான் மச்சி, இங்கிலீஷ்ல மாத்திடு."

இதைவிடத் தப்பான வைத்தியம் கிடையாது. ஏன் என்று பார்ப்போம்.

ஒரு சின்னப் புராஜெக்டை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகளின் நீர்மட்டம் ஒரு கோப்பில் இருக்கிறது. பைத்தான் நிரல் அதைப் படித்து, மட்டம் ஏறினால் தமிழில் எச்சரிக்கை எழுத வேண்டும். கோப்பில் தலைப்பு எதுவும் இல்லை, முதல் வரியே "செம்பரம்பாக்கம்" என்று தொடங்குகிறது. அந்த ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி.

யூனிட் டெஸ்ட் எல்லாம் பச்சை. இன்டக்ரேஷன் டெஸ்டை ஓட்டினால் சிவப்பு! அதுவும் விண்டோஸ் இருக்கும் லேபில் மட்டும். லினக்ஸில் ஒரு பிரச்சினையும் இல்லை.

நீளமாகக் கொட்டியதில் கடைசி வரியைப் பாருங்கள். (பைத்தானில் உண்மையான காரணம் கடைசியில்தான் இருக்கும். சி மொழிக்காரர்கள் முதல் எரரைப் பார்க்க வேண்டும், பாதிப் பேர் இதை மாற்றிச் செய்துதான் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.) அந்த வரி சொல்வது இது: 'சார்மேப்' முறையில் 8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை, இடம் 11.

இதற்கு மேல் என்ன விவரம் வேண்டும்? யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் இடம் 11 என்றால் பன்னிரண்டாவது பைட், அதாவது நான்காவது குறியீட்டின் கடைசி பைட். செம்பரம்பாக்கத்தை எழுத்துக் கூட்டுங்கள்: ச, ஒற்றைக்கொம்பு, ம, புள்ளி. ஆமாம், "ம்" மேல் இருக்கிற அந்தப் புள்ளியில்தான் வண்டி நின்றிருக்கிறது.

நம் ஊர் விண்டோஸ் கணினிகளில் பொதுவாக இருப்பது 1252 என்ற பழைய பட்டியல். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காகச் செய்தது. அதில் ஐந்து இடங்கள் காலி: 81, 8டி, 8எஃப், 90, 9டி. நம் கெட்ட நேரம், 81-இல் முடிவது உகரக் குறி, 8டி-யில் முடிவது புள்ளி, 8எஃப்-இல் "ஏ", 90-இல் "ஐ". எந்த முறையில் படிப்பது என்று நிரலில் சொல்லாமல் கோப்பைத் திறந்தால் பைத்தான் இந்தப் பட்டியலைத்தான் எடுத்துக்கொள்ளும். யூனிட் டெஸ்டில் தமிழ் நிரலுக்குள்ளேயே இருந்தது, பைத்தான் 3 தன் நிரல்களை யூடிஎஃப்-8 ஆகத்தான் படிக்கும், அதனால் பாஸ். கோப்பு வெளியிலிருந்து வந்ததும் மாட்டிக்கொண்டது. இன்டக்ரேஷன் டெஸ்ட் என்று ஒன்று இருப்பதே இந்த மாதிரி மூட்டு வலியைக் கண்டுபிடிக்கத்தான்.

ஆக, தமிழின் மேல் தப்பில்லை. தமிழ் 1991-இல் வந்த யூனிகோட் முதல் பதிப்பிலேயே இருக்கிறது. திஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு எழுத்துருவோடு அல்லாடிய காலமெல்லாம் முடிந்து, தமிழக அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றாகிவிட்டது. கோப்பைத் திறக்கும் வரியில் "யூடிஎஃப்-8" என்று ஒரு வார்த்தை சேர்க்காததுதான் குற்றம்.

ஆனால் நடப்பது என்ன? ஒருத்தர் எரரைக் கண்டுகொள்ளாமல் விடு என்று ஒரு வார்த்தை சேர்க்கிறார். டெஸ்ட் ஓடும், உள்ளே போவது குப்பை. இன்னொருத்தர் அந்த டெஸ்டையே தாண்டச் சொல்லிவிடுகிறார். மூன்றாமவர் செம்பரம்பாக்கத்தை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போகிறார். மூன்று பேருக்கும் ரிவ்யூவில் மார்க் வந்துவிடும் என்பதுதான் கொடுமை :-)

மார்க்கோடு போகிற விஷயமா இது? 2015 டிசம்பர் 1 அன்று இதே ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறக்கப்பட்டது. அனகாபுத்தூரிலும் சைதாப்பேட்டையிலும் ஆற்றோரம் இருக்கிறவருக்கு அந்த நேரத்தில் செய்தி எந்த மொழியில் போக வேண்டும்? அதை எழுதப் போகும் நிரல் கல்லூரி லேபில் தமிழைக் கழற்றிவிட்டுப் பழகிய கையிலிருந்துதான் வரப்போகிறது.

சரி, அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்தாயிற்று. அடுத்த எரர் இன்னும் வேடிக்கை. "செம்பரம்பாக்கம்" என்ற பெயரே இல்லை என்கிறது டெஸ்ட். கோப்பைத் திறந்தால் முதல் வரியில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறது! எக்செலில் "யூடிஎஃப்-8" என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் அது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைப் போடும். அது பெயரோடு ஒட்டிக்கொள்வதால் இரண்டும் வேறு வேறு பெயர். டெர்மினலில் எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. பெயரின் நீளத்தை அச்சிட்டுப் பாருங்கள், ஒன்று கூடுதலாக இருக்கும். அந்தக் குறியை நீக்கிப் படிக்கவும் பைத்தானில் தனி முறை உண்டு, "யூடிஎஃப்-8-சிக்" என்று பெயர்.

மூன்றாவது ரகம்: கையால் ஓட்டினால் தமிழ் அழகாகத் திரையில் வருகிறது, டெஸ்ட் ஓட்டினால் எரர். 3.6 பதிப்பிலிருந்து பைத்தான் விண்டோஸ் திரைக்கு நேராக எழுதும்போது யூனிகோடில்தான் எழுதுகிறது. ஆனால் டெஸ்ட் அந்த நிரலைத் தனியாக ஓட்டி அதன் வெளியீட்டைக் குழாய் வழியாக வாங்குகிறது. திரை இல்லை என்றதும் மறுபடி 1252. இந்த முறை சிக்கல் படிப்பதில் இல்லை, எழுதுவதில். எரரின் பெயரில் 'டிகோட்' போய் 'என்கோட்' வந்திருக்கும். ஒரே ஒரு அசை மாற்றம், அதைக் கவனித்தால் அரைநாள் மிச்சம்.

இதற்குச் சுலப வழியாக எல்லோரும் சொல்வது 3.7-இல் வந்த யூடிஎஃப்-8 முறையைச் சூழல் மாறியில் 1 என்று வைப்பது. வேலை செய்யும், மறுப்பதற்கில்லை. 3.15 பதிப்பில் அதுவே இயல்பு நிலை என்றும் முடிவாகியிருக்கிறது. ஆனாலும் டெஸ்ட் ஓட்டும் கணினியில் மட்டும் அதை வைத்துக்கொண்டால் டெஸ்ட் பாஸ், நிரலை வாங்கிப் போகிறவர் வீட்டில் ஃபெயில். நிரலுக்குள்ளேயே சொல்லிவிடுவதுதான் முறை.

இன்னொன்று. எரர் வராததை நம்பாதீர்கள். "மழை" என்ற சொல்லின் ஒன்பது பைட்டுகளில் ஒன்றுகூட அந்தக் காலி இடங்களில் விழாது. 1252-இல் சத்தமே இல்லாமல் உள்ளே போய், மூன்று குறியீடுகள் ஒன்பது கிறுக்கல்களாக மாறி நிற்கும், டெஸ்டும் பச்சையாகவே இருக்கும். டெஸ்டுக்கான கோப்பில் "மழை" மட்டும் வைத்திருந்தால் போச்சு. பக்கத்தில் "ஏரி" என்றும் ஒரு வரி சேருங்கள். முதல் எழுத்திலேயே கத்தும்.